தெரியாதவர் நாற்காலி

ஓர் ஆசிரியர் தன் வாயால் "தெரியாது" என்று சொல்லி நான் முதன்முதலில் கேட்டபோது, நானே ஆசிரியையாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. வராந்தா வழியாகப் போய்க்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே பிளஸ் ஒன் பிள்ளைகள். யாரோ ஒருத்தி சந்தேகம் கேட்டிருக்கிறாள். "எனக்குத் தெரியாதுத்தா. வேற யாருக்காச்சும் தெரியுமா? இல்லையா, அப்ப வாங்க, பாப்போம்" என்கிறார் கணக்கு டீச்சர். குரலில் கூச்சமும் இல்லை, குழைவும் இல்லை. கடையில் சீனி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அதுவரை ஆசிரியர்களுக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்ததில்லை. பிள்ளைகள் ஏடாகூடமாக ஏதாவது கேட்டால் "அது பாடத்துல இல்ல, உக்காரு" என்போம். அதையும் மீறிக் கேட்டால் அதிகப்பிரசங்கி என்று பெயர் வைப்போம். இந்த இரண்டு மருந்தை வைத்துக்கொண்டே நான் வரலாறும் புவியியலும் நடத்திக் காலத்தை ஓட்டியிருந்தேன். நல்ல டீச்சர் என்ற பெயரும் எனக்கு இருந்தது.

கணக்கு டீச்சரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குக் கோபம் வரும். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, இந்த வயதில் பார்க்கவும் ஆசையில்லை. போடிக்காரர். வாயில் எந்நேரமும் ஓர் ஏலக்காய் கிடக்கும். பேசும்போது அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார். நடக்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். கண்மாய்க் கரையைப் பார்வையிட வந்த ஆள் மாதிரி இருக்கிறது என்று எங்கள் தலைமையாசிரியை கேலி செய்வார். அந்தக் கைகளைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், எங்கள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று தகவல் வந்தது. கம்பம் ரோட்டில், வயலுக்கு நடுவில் இருந்த பெண்கள் பள்ளிக்கூடம் அது. பங்குனியில் ஓடு சூடேறினால் வகுப்பை மரத்தடிக்கு மாற்றுகிற பள்ளிக்கூடம். மேலிடத்தில் யாரோ கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் விரலை வைத்திருக்க வேண்டும். பயிற்சிக்கு ஓர் ஆசிரியரை மதுரைக்கு அனுப்பச் சொன்னார்கள். எல்லோரும் வீட்டில் ஆளில்லை, உடம்பு சரியில்லை என்று நழுவினோம். கணக்கு டீச்சர் மட்டும், "எனக்கும் தெரியாதுதான். போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பினார்.

சில வாரம் கழித்து அவர் வந்துவிட்டார், கம்ப்யூட்டர் பெட்டி வரவில்லை. ஆனால் பாடம் தொடங்கிவிட்டது. ஒரு மத்தியானம் என் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஆளுக்கொரு சிலேட்டு. ஒரு சிலேட்டில் பத்து, அடுத்ததில் இருபது, அடுத்ததில் முப்பது என்று எண். எண்ணுக்குக் கீழே ஒரு கட்டளை. "ரெண்டு புளியங்கொட்டை போடு." "ஒண்ணை எடு." "இருபதாம் நம்பர்கிட்டத் திரும்பிப் போ." ஒருத்தி கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வரிசையில் நடக்கிறாள். ஒவ்வொருத்தியும் தன் சிலேட்டில் இருப்பதை மட்டும் செய்கிறாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லுவது இப்படித்தானாம். வரி வரியாக, எண் போட்டு.

சாயந்திரம் அவரிடம் போய், ஒன்று இரண்டு மூன்று என்று கொடுத்தால் போதாதா, ஏன் பத்துப் பத்தாகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நடுவுல யாராச்சும் வந்தா எடம் வேணும்ல, டீச்சர்?"

அது அவர் கண்டுபிடித்ததில்லை, அந்தப் பாடத்திலேயே உள்ள வழக்கம்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வரி விட்டுப்போனால் நடுவில் செருகுவதற்காக எண்களுக்கிடையே இடம் விடுவார்களாம். வழக்கத்தை மனிதர்களுக்கும் பொருத்தியது அவர்தான். கடமலைக்குண்டிலிருந்து பேச்சியம்மாள் என்றொரு பிள்ளை, வருடத்தின் நடுவில் எங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தது. ஒல்லியான பிள்ளை. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் முகம் வெளிறிப்போகும். நான் என் வகுப்பில் அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கணக்கு டீச்சர் அவளை மைதான வரிசையில் இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்தி, சிலேட்டில் இருபத்தைந்து என்று எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் பெட்டி வந்தது. தட்டுகிற பலகை ஒன்று, டி.வி. மாதிரி ஒன்று, எழுதியதைப் பதிந்து வைக்க ஒரு டேப் ரிக்கார்டர். தலைமையாசிரியை எலுமிச்சம்பழம் நறுக்கி, திரைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தையல் டீச்சரிடம் சொல்லிப் பூப்போட்ட உறை ஒன்று தைத்துப் போட்டார். உறையைக் கழற்றும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு பதறும். நல்ல மனுஷி, ஆனால் பயந்த சுபாவம். பயத்துக்குக் காரணமும் இருந்தது. கொஞ்ச நாள் பார்ப்பார்கள், பிள்ளைகள் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லையென்றால் பெட்டியை எடுத்து வேறொரு பெரிய பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. ஆண்கள் பள்ளிக்காரர்கள் அதைக் கேட்டு ஏற்கெனவே மதுரைக்கு நடையாய் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இது போச்சுன்னா இந்தப் பிள்ளைக ஆயுசுக்கும் இன்னொன்னத் தொடாதுக" என்று கணக்கு டீச்சர் ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் கவலைப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

அப்படிக் கவலைப்பட்டவர் என்ன செய்திருக்க வேண்டும்? கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பொறுக்கி எடுத்துத் தயார் செய்திருக்க வேண்டும். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவரோ பெட்டி முன்னால் ஒரே ஒரு நாற்காலியைப் போட்டார்.

"இந்த நாற்காலி தெரியாதவுகளுக்கு. தெரிஞ்சவுக பின்னால நின்னு வாயால சொல்லணும். கை மட்டும் வரக்கூடாது."

சட்டம் அவ்வளவுதான். பாடம் புரியாதவள் நாற்காலியில் உட்கார்ந்து தட்டுவாள். புரிந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி நின்று சொல்லுவார்கள். உட்கார்ந்தவளுக்குப் புரிந்துவிட்டால் எழுந்து போய்க் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், அடுத்த தெரியாதவள் வருவாள். ஆரம்பத்தில் அந்த நாற்காலியில் உட்காரப் பிள்ளைகள் கூசினார்கள். போகப் போக, எழுந்திருக்கத்தான் மனசில்லாமல் எழுந்தார்கள்.

தப்பாகத் தட்டினால் திரையில் "மிஸ்டேக்" என்று ஆங்கிலத்தில் வரும். முதல் தடவை அதைப் பார்த்துப் பேச்சியம்மாள் அழுதுவிட்டாள். கணக்கு டீச்சர் பின்னாலிருந்தே, "அது வையாது ஆத்தா. தப்புன்னு சொல்லும், அம்புட்டுதான். மறுபடி தட்டு" என்றார். நாங்களெல்லாம் வைதே பழக்கியிருந்த பிள்ளைகளுக்கு, வையாமல் தப்பென்று மட்டும் சொல்கிற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை நம்பவே கொஞ்ச நாள் ஆனது.

ஓய்வறையில் அவருக்குக் கைகட்டி டீச்சர் என்று பெயர் வைத்தோம். சம்பளம் வாங்கிக்கொண்டு கையைக் கட்டி நிற்க யாருக்குத்தான் கசக்கும் என்று நானே சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு ஒரு நாள் நின்றது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க அந்த அறைக்குப் போனேன். பேச்சியம்மாள் நாற்காலியில் இருந்தாள். ஒரே ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அது அவள் சுண்டு விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவள் விரல் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. ஓடிப்போய் அதை அழுத்திவிட்டு வந்தால் தேவலை என்றிருந்தது. கணக்கு டீச்சர் அசையவில்லை. கடைசியில் பேச்சியே கண்டுபிடித்து அழுத்தினாள். பிள்ளைகள் எல்லோரும் மூச்சு விட்டார்கள். டீச்சர் கையெழுத்துப் போடக் கையை முன்னால் கொண்டுவந்தார். இடது மணிக்கட்டில் நகம் பதிந்து சிவந்திருந்தது.

"கட்டி வைக்கலைன்னா தானாப் போயிருது டீச்சர்" என்று சொல்லிச் சிரித்தார். சும்மா நிற்கிறவர் என்றல்லவா நினைத்திருந்தேன்.  பள்ளிக்கூடத்திலேயே கடுமையான வேலையை அவர்தான் செய்துகொண்டிருந்தார். அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

வெளியே தெரியாததால் புகாரும் வந்தது. வகுப்பில் முதல் ஆள் பாத்திமா, உத்தமபாளையத்துப் பிள்ளை. அவளுடைய அத்தா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். மரியாதையான மனிதர். தலைமையாசிரியை அறைக்குப் போகாமல் நேரே கணக்கு டீச்சரிடமே வந்துவிட்டார். தன் மகள் எல்லாம் தெரிந்தும் பின்னாலேயே நிற்கிறாளாம், தொடக்கூட முறை வருவதில்லையாம். தெரிந்த பிள்ளைக்கு இதில் என்ன லாபம் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கேள்வி நியாயமானதுதான், நானும் பதிலைக் கேட்கலாம் என்று அங்கேயே நின்றேன்.

 கணக்கு டீச்சர் ஒரு பழைய செய்தித்தாளை எடுத்துப் பேச்சியம்மாள் கையில் கொடுத்தார். "பாய், இவளுக்குப் பொட்டலம் மடிக்கத் தெரியாது. நீங்க சொல்லுங்க, அவ மடிக்கட்டும். கை மட்டும் நீட்டிறாதீக."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து இருட்டுகிறவரை பொட்டலம் மடிக்கிற மனிதர். தாளை இப்படிப் பிடி என்று ஆரம்பித்தார். இப்படி என்றால் எப்படி என்று பேச்சி கேட்டாள். அந்த மூலையை இந்தப் பக்கம் கொண்டுவா என்றார். எந்த மூலை என்று கேட்டாள். அவர் கை தானாக முன்னால் போகும், டீச்சர் அதைப் பார்ப்பார், கை திரும்பிப் போகும். கொஞ்ச நேரத்தில் தாள் கசங்கி உருண்டையாகிவிட்டது. மனிதருக்கு வியர்த்தது.

டீச்சர் இன்னொரு தாளைக் கொடுத்து, பாத்திமாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நீளப் பக்கம் உன்னைப் பார்த்து இருக்கட்டும் என்றாள். வலது கைப் பக்கம் கீழ் மூலையை மேல் விளிம்பின் நடுவுக்குக் கொண்டுவா என்றாள். அங்கேயே அழுத்திக்கொண்டு மிச்சத் தாளைச் சுற்று, அடி நுனியை மேலே மடக்கு. பேச்சியின் கையில் ஒரு பொட்டலம் எழுந்து நின்றது. கொஞ்சம் கோணல், ஆனாலும் பட்டாணி போட்டால் சிந்தாது.

பாத்திமாவின் அத்தா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தன வருசமா என் கைக்குத்தான் தெரிஞ்சிருக்கு டீச்சர். எனக்குத் தெரியல" என்றார். மகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பெருமையை எந்தப் பரிசளிப்பு விழாவிலும் நான் கண்டதில்லை.

இவ்வளவு பார்த்தும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. தெரிந்தவளுக்கு லாபம் சரி, தெரியாதவளால் மற்றவர்களுக்கு என்ன லாபம்? அதையும் ஒரு நாள் பார்த்தேன்.

வயலுக்கு முறைத் தண்ணீர் விடுகிற கணக்கை எழுதலாம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். பாதிப் பேர் வீட்டில் நஞ்சை இருந்தது. மதகில் இவ்வளவு தண்ணீர் என்று வைத்துக்கொள்வது, தலைமடையிலிருந்து ஒவ்வொரு வயலாகப் பாய்ச்சுவது, பாய்ந்த அளவைக் கழிப்பது, கடைமடை வரை போனதும் திரும்பத் தலைமடைக்கு வருவது. பாத்திமாவும் மற்றவர்களும் வாயால் சொல்லச் சொல்ல, பேச்சி தட்டினாள். மிஸ்டேக் வரவே இல்லை. பெட்டி ஓட ஆரம்பித்தது. வயல்களின் பெயர்கள் திரையில் வரிசையாக ஏறின. எல்லோரும் குதித்தார்கள், நானும்தான்.

அது நிற்கவே இல்லை. ஏறிக்கொண்டே போனது. அதில் யாருக்கும் தப்பு எதுவும் தெரியவில்லை. முறை என்றால் சுற்றிச் சுற்றி வரத்தானே செய்யும், அது எங்கே நிற்கும்? பேச்சி மட்டும் திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மிச்சத் தண்ணீரின் அளவு வந்துகொண்டிருந்தது. சைபருக்கு வந்து, சைபரையும் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தது.

"தண்ணிதான் தீந்துபோச்சே டீச்சர். பெறகு எப்பிடிப் பாயும்?"

 மலையைத் துளைத்து வந்த பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் விளைகிற ஊர்ப் பிள்ளைகள் மற்ற அத்தனை பேரும். மதகைத் திறந்தால் தண்ணீர் வரும், மறுபடி திறந்தால் மறுபடி வரும். தீர்ந்துபோகும் என்ற எண்ணமே ஒருத்தி தலையிலும் இல்லை. எனக்கும் இல்லை, நான் புவியியல் நடத்துகிறவள். வருசநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த பேச்சிக்குத்தான் அது தெரிந்தது. அவள் ஊரில் ஆறு காய்ந்தால் மணலைத் தோண்டி ஊற்றுக்குக் காத்திருப்பார்கள்.

தண்ணீர் தீர்ந்தால் நிறுத்து என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். எங்கே சேர்ப்பது என்று பார்த்தார்கள். இருபதாம் வரிக்கும் முப்பதாம் வரிக்கும் நடுவில் இடம் இருந்தது. பேச்சியம்மாள் இருபத்தைந்து என்று தட்டினாள். தட்டிவிட்டுத் திரும்பி டீச்சரைப் பார்த்தாள். கணக்கு டீச்சர் ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "இது எனக்கும் தோணல ஆத்தா" என்றார்.  இதெல்லாம் தானாக அமைந்ததா, இவர் அமைத்ததா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதனால்தான் பிரமிப்பும் குறையவில்லை.

மதுரையிலிருந்து அதிகாரி வருகிற நாள் வந்தது. வந்து பார்த்து எழுதுவதைப் பொறுத்துத்தான் பெட்டி இருப்பதும் போவதும். தலைமையாசிரியை முதல் நாளே கணக்கு டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டே இரண்டு விஷயம் கேட்டார். நாற்காலியில் பாத்திமாவை உட்கார வைக்க வேண்டும். அதிகாரி எது கேட்டாலும் தெரியாது என்று மட்டும் சொல்லக் கூடாது. கணக்கு டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. யோசித்துப் பார்க்கிறேன் என்றார். அவர் யோசிப்பதன் லட்சணம் எங்களுக்குத் தெரியாதா.

மறுநாள் அதிகாரி உள்ளே வந்தபோது நாற்காலியில் பேச்சியம்மாள் இருந்தாள். அன்றைய பாடம் அவளுக்குத்தான் புரியவில்லையாம். அவர் அவளைப் பார்த்து, நீதான் இங்கே முதல் மாணவியா என்று கேட்டார். "இல்ல சார், கடைசி" என்றாள். தலைமையாசிரியை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

முறைத் தண்ணீர்க் கணக்கை ஓட்டிக் காட்டினார்கள். தண்ணீர் தீர்ந்ததும் நின்றது. அதிகாரி தலையசைத்தார், ஆனால் நம்பிக்கை வரவில்லை. மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பள்ளிகளை நிறையப் பார்த்தவர் போலிருக்கிறது. பள்ளிகளின் பெயர்களைக் கொடுத்தால் இந்தப் பெட்டி அகர வரிசையில் அடுக்கித் தருமா என்று கணக்கு டீச்சரிடம் கேட்டார்.

"தெரியாது சார். செஞ்சு பாத்ததில்ல."

தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி திரும்பி அவரிடம், டீச்சருக்கே தெரியாதென்றால் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று மெதுவாகத்தான் கேட்டார். மெதுவாகக் கேட்டதுதான் அதிகம் சுட்டது. பெட்டி போய்விட்டது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். கணக்கு டீச்சரைப் பார்த்தேன். கைகள் பின்னால் இருந்தன. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டு என்ன பாடு பட்டதோ.

பேச்சியம்மாள் நாற்காலியில் இருந்தபடியே, "சாருக்குத் தெரியுமா?" என்றாள்.

துடுக்காகக் கேட்கவில்லை. அந்த அறையில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான் அது. அதிகாரி அவளைப் பார்த்தார். கோபப்பட்டிருக்கலாம். என்னவோ, படவில்லை. "எனக்கும் தெரியாதும்மா" என்றார்.

பேச்சி சட்டென்று எழுந்தாள். தாவணி நுனியால் நாற்காலியைத் துடைத்தாள். "அப்ப நீங்கதான் உக்காரணும் சார்."

மேலதிகாரி ஒருவரை ஒரு பிள்ளை எழுந்து நின்று உட்காரச் சொல்கிறது.  அவர் என்ன நினைத்தாரோ, கையிலிருந்த பையைத் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலியைச் சுற்றி நின்றார்கள்.

முதலில் இரண்டு பெயர் போதும் என்று பாத்திமா சொன்னாள். எண்ணில் எது பெரிசு என்று இந்தப் பெட்டிக்குத் தெரிகிறதே, எழுத்திலும் தெரியுமா என்று ஒருத்தி கேட்டாள். தெரியுமா பார்ப்போம் என்று இன்னொருத்தி. அவர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். யாரும் கை நீட்டவில்லை. மிஸ்டேக் என்று வந்தது. அவர் காது சிவந்தது. அவர் தப்பை யாராவது தப்பென்று சொல்லி எத்தனை காலம் ஆகியிருக்கும்!

"அது வையாது சார்" என்றாள் பேச்சி. "மறுபடி தட்டுங்க."

மறுபடி தட்டினார். இரண்டு பெயர்கள் இடம் மாறி வரிசையில் நின்றபோது அந்த மனிதர் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். மூன்றாவது பெயரையும் போட்டுப் பார்ப்போம் என்றார். மணி அடித்ததை அவர் கவனிக்கவில்லை. அவருக்காக வாங்கி வைத்த காப்பி ஆடை கட்டிவிட்டது. கணக்கு டீச்சர் அந்த நேரம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரோரம் நின்றிருந்தார். அந்த அறையில் நடந்த எதுவும் அவர் இல்லாமல் நடந்திருக்காது. ஆனாலும் அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதைவிடப் பெரிய ஆசிரியரை நான் பார்த்ததில்லை, இனிப் பார்ப்பேன் என்றும் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் இரண்டு உத்தரவு வந்தது. பாடம் நடத்த ஆள் இருக்கும்வரை பெட்டி எங்கள் பள்ளியிலேயே இருக்கலாம் என்று ஒன்று. மற்ற பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரக் கணக்கு டீச்சரை மதுரைக்கு மாற்றியிருப்பதாக இன்னொன்று.

"பெட்டிய எடுக்க வந்த மனுசன் ஆளை எடுத்துட்டுப் போயிட்டாகளே" என்று தலைமையாசிரியை அழுதார்.

பாடம் நடத்த ஆள் வேண்டும். அறிவியல் டீச்சருக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, ஓய்வு நேரத்தில் போய்த் தட்டிப் பார்ப்பார். அவரிடம்தான் சாவி போகும் என்று எல்லோரும் நினைத்தோம். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார்.  நேரே கணக்கு டீச்சரிடம் ஓடினேன். அவர் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடத் தெரியாது, யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்றேன்.

"நான்தான் சொன்னேன்" என்றார். "தெரிஞ்சவுக கையில குடுத்தா பிள்ளைகள நாற்காலில உக்கார விட மாட்டாக. உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அன்றோடு பேச்சை முறித்திருப்பேன். அவர் சொன்னபோது அது பாராட்டாகவே காதில் விழுந்தது. ஏலக்காய் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். 

அடுத்த திங்கட்கிழமை அந்த அறையின் பூட்டைத் திறந்தேன். செருப்பை வாசலில் விட்டேன். பூப்போட்ட உறையைக் கழற்றி மடித்து வைத்தேன். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கிற பேச்சியம்மாள் இங்கே முன்னால் நின்றாள். வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டேன். பாடத்தில் இல்லை, உட்காரு என்று சொல்ல இங்கே வழியில்லை. நான் நடத்தாவிட்டால் பெட்டி போய்விடும்.

"எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது" என்றேன்.

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. பேச்சி நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் வளையல்கள் ஒரு தடவை குலுங்கி அடங்கின. அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

முதல் வரிக்குப் பத்து என்று போடுங்கள் என்றாள் பாத்திமா. போட்டேன். அடுத்த எழுத்தைத் தேடினேன். அது எங்கேயோ பக்கத்தில்தான் இருந்தது. யாரும் கை நீட்டவில்லை. தேடித் தேடி ஒன்றைத் தட்டினேன். திரையில் மிஸ்டேக் என்று வந்தது. முகம் சூடேறி, எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன்.

"அது வையாது டீச்சர்" என்றாள் பேச்சி, என் தலைக்கு மேலிருந்து. "மறுபடி தட்டுங்க."

மறுபடி தட்டினேன்.